லட்டுக்குக் கட்டிய பெல்ட்

ஒரு காட்டில் ரோடு போட்டுவிட்டார்கள். ரோடு வந்தால் கார் வராமல் இருக்குமா?

அன்று திருமேனி என்ற நரிக்குக் கல்யாணம். ஒன்பது இடம் தட்டிப்போய்ப் பத்தாவதாக அமைந்த சம்பந்தம். நரிகளின் வழக்கப்படி, மாப்பிள்ளை மூன்று முறை கணீரென்று ஊளையிட்டால்தான் தாலியைக் கையில் கொடுப்பார்கள். அதற்காகவே திருமேனி ஒரு மாதமாகச் சுக்குக் கஷாயம் குடித்துத் தொண்டையைத் தீட்டி வைத்திருந்தான்.

மண்டபத்துக்குக் கிளம்பிய காரின் முன்சீட்டில் மாப்பிள்ளை. பின்சீட்டில் தாய்மாமன் சடையாண்டிக் கரடி. நரிக்குக் கரடி எப்படி மாமன் என்று கேட்காதீர்கள். கல்யாணத்தன்று மாமன்களுக்குப் பஞ்சமே கிடையாது.

"மாப்ளே, காலு இடிக்குது. சீட்டை முன்னால தள்ளு."

தள்ளினான். மாப்பிள்ளையின் முட்டி டாஷ்போர்டில் முட்டியது. மூக்குக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண்.

கார் டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது.

"பெல்ட் போடச் சொல்லுதுண்ணே," என்றான் டிரைவர் வெள்ளைச்சாமி முயல்.

"பட்டுச் சட்டை கசங்கிடும்டா! வீடியோ எடுப்பாங்க," என்றார் மாமா. "முதுகுக்குப் பின்னால மாட்டிவிடு. வாயை மூடிக்கும்."

மாட்டினான். மூடிக்கொண்டது.

"நீங்களாவது போடுங்க பெரியவரே."

"பின்னாடி உக்கார்றவனுக்கு எதுக்குடா? முன்னாடிதான் சீட்டு இருக்கே, தாங்கிக்கும். இந்த லட்டுத் தூக்குக்குப் போட்டுவிடு. கொட்டுச்சுன்னா சம்பந்தி வீட்டுல மானம் போயிடும்."

லட்டுக்கு மாமாவுடைய பெல்ட்டையும் சேர்த்து இரண்டு பெல்ட், குறுக்கும் நெடுக்குமாக.

பாதி வழியில் ஒரு பன்றிக் குடும்பம், பதினோரு உருப்படி, குறுக்கே ஓடியது. முயல் பிரேக்கை அழுத்தினான். மாமா பறந்தார். முன்சீட்டு தாங்கவில்லை. சீட்டும் மாமாவுமாகச் சேர்ந்து மாப்பிள்ளையை டாஷ்போர்டில் அப்பிவிட்டார்கள். பெல்ட் போட்டிருந்த முயலுக்கு ஒரு மயிர் உதிரவில்லை.

மண்டபத்தில் தாடைக்குக் கட்டுப் போட்டு மாப்பிள்ளையை நிறுத்தினார்கள். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அவ்வளவும் முகத்தில்.

"ஊளையிடுங்க மாப்ளே," என்றார் பெண்ணின் அப்பா.

"ஃபூ..."

"கொஞ்சம் சத்தமா."

"ஃபூ..."

பெண்ணின் அப்பா பெருமூச்சு விட்டார். தூக்கைத் திறந்து பார்த்தார். ஒரு பூந்திகூட உதிர்ந்திருக்கவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. லட்டை நாங்க வெச்சுக்கறோம். மாப்பிள்ளையை மட்டும் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க."

நீதி: காரில் ஏறினால் லட்டாக ஏறு, மாப்பிள்ளையாக ஏறாதே.