காரியஸ்தர் கொண்டுவந்த நண்டு

மல்லாக்கப் போட்டுப் பார்க்காமல் எந்த நண்டையும் நம்பாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது எங்கள் தலைவிதி. முத்துப்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். நண்டு சார் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

ராவுத்தர் வீட்டுக் கல்யாண விருந்தில் எல்லோரும் பிசைந்து அடிக்க, இவர் குழம்பு நண்டின் காலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசிக் காலு துடுப்பு மாதிரி தட்டையா இருக்கு பாருங்க. உப்புத்தண்ணி நண்டு. வயல் நண்டுக்குக் கூரா இருக்கும்.”

“ருசி எப்படின்னு சொல்லுங்க சார்!” என்று ராவுத்தர் கெஞ்சினார். சார் அடுத்த நண்டை எடுத்துவிட்டார்.

அப்போது புது ஆட்சி வந்து, எங்கு பார்த்தாலும் நிலத் தகராறு. கழிமுகத்து ஓரம் குடிசை போட்டிருந்த கூலிக்காரர்களை, “அது என் நெல் வயல், காலி பண்ணுங்கடா” என்றார் மிராசுதார். கடல்தண்ணி ஏறி இறங்கும் புறம்போக்கு என்றார்கள் அவர்கள். தோற்றால் நடுத்தெரு. அவர்களுக்குச் சாட்சி சொல்ல, டிபன் கேரியர் நிறைய நண்டோடு எங்கள் தாலுகா ஆபீஸுக்கு வந்தார் சார். நான் அங்கே கிளார்க்.

“ஒத்தக் கை பெருத்த இந்த நண்டு, உப்புத்தண்ணி ஏறாத எடத்துல வளை தோண்டாதுங்க.”

மிராசுதாரின் காரியஸ்தர் குதித்தார். “அந்த வயல் நண்டை நானும் கொண்டாறேன், பாத்துடலாம்!”

கொண்டுவந்திருப்பார், பாவம். ஆனால் வயலில் இறங்கிப் பிடிக்கிற ஆட்கள் அத்தனை பேரும் குடிசைக்காரர்கள் கட்சி. அவர் வீட்டு அடுப்பிலோ முட்டைகூட ஏறியதில்லை; எந்த நண்டு எங்கே கிடைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நேரே மீன் கடைக்குப் போயிருக்கிறார். சாப்பாட்டு வேளை கழிந்து, தாசில்தார் மேஜையில் பெருமையாகக் கூடையைக் கவிழ்த்தார்.

“இப்பத்தாங்க நம்ம வயல்ல புடிச்சது!”

ஒவ்வொரு நண்டின் கையும் சணல் கயிற்றால் கச்சிதமாகக் கட்டியிருந்தது.

“ஏங்க, உங்க வயல்ல நண்டெல்லாம் கயிறு கட்டிக்கிட்டுத்தான் மேயுமா?” என்றாள் குடிசைக்காரப் பெண்மணி ஒருத்தி.

சார் சிரிக்கவில்லை. ஒன்றை மல்லாக்கப் போட்டு, கடைசிக் காலை விரித்துத் தாசில்தாரிடம் நீட்டினார்.

“துடுப்புங்க. கழி நண்டு. ஐயா சொல்றபடி அங்க புடிச்சதுன்னா, அது வயல் இல்லீங்க.”

தாசில்தார் நண்டு சாப்பிடுகிறவர். குடிசைகள் தப்பின.

பட்டா கிடைத்த அன்று அந்த ஜனங்கள் சட்டி நிறைய நண்டுக் குழம்பு கொண்டுவந்தார்கள். சார் தொடவில்லை. அவர் நண்டே சாப்பிடுவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

“இவ்வளவு பழகிட்டு எப்படிய்யா சாப்புடறது?” என்றார்.

அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் ஜாஸ்தி என்று சொல்லிவைத்தேன்.