மேஜருக்கு எழுபத்தி நாலு மார்க்

அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு மேடைப் பயமே கிடையாது. முழுசாகத் தெரிந்தவர்கள்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்...' என்று இழுப்பார்கள். நான் எந்தக் காலத்திலும் தொண்டையைச் செருமியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், என் கல்யாணத்துக்கு நானே குழி தோண்டினேன்.

எனக்கும் கதிருக்கும் காதல். ராஜபாளையத்தில் ஒரே மில்லில் வேலை. நான் அக்கவுண்ட்ஸ், அவன் மெயின்டனன்ஸ். வீட்டில் சொல்லத்தான் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. (ஓடுகிற மெஷினுக்குள் அசராமல் கையை விடுகிறவன், அவன் அப்பா முன்னால் மட்டும் பச்சைப் பிள்ளை ஆகிவிடுவான்.)

நல்லவேளையாக இரண்டு அப்பாக்களுக்கும் நாய்ப் பைத்தியம். எங்கள் வீட்டில் மேஜர். ராஜபாளையம் நாய், அப்பழுக்கில்லாத வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கதிர் வீட்டில் மல்லிகா, அதே இனம். முதலில் நாய்களுக்குச் சம்பந்தம் பேசுவது, அந்தச் சாக்கில் அப்பாக்களைப் பழக விடுவது, பொறவு ஒருநாள் 'அட, நம்ம பிள்ளைகளுக்கும் பொருத்தமாத்தான இருக்கு' என்று அவர்களுக்கே தோன்ற வைப்பது. இதுதான் திட்டம். திட்டம் போட்டது கதிர், கெடுத்தது நான்.

ஆரம்பமெல்லாம் அமர்க்களம்தான். அப்பா கதிரின் அப்பாவை 'அண்ணாச்சி' என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டார். கஜினி முகமது கணக்காகத் தினமும் போன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மாசமே எனக்குத் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். வருங்கால மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு நமைச்சல். இணையத்தில் உட்கார்ந்து நாய் வளர்ப்பு படிக்க ஆரம்பித்தேன்.

அங்கேதான் ஹிப் டிஸ்ப்ளேசியா என்னைப் பிடித்தது. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் ஒழுங்காக உட்காராமல் லொடலொடவென்று ஆடுகிற கோளாறு. குட்டிகளுக்கும் போகும். அதனால் வெளிநாடுகளில் ஜோடி சேர்ப்பதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்துத் தரம் பிரிப்பார்களாம். நாட்டுக்கு நாடு வேறு வேறு முறை. இதை நான் அப்பாவிடம் விளக்கினேன்.

"ஏட்டி, பேசாம போறியா? மேஜர் ஓடுறத நீ பாத்ததே இல்லையா? பின்னங்கால் ரெண்டையும் சேத்துத் தூக்கி, குதிரை மாதிரில்லா ஓடுதான்!" என்றார் அப்பா.

அது உண்மைதான். மேஜர் மாடிப்படி ஏறினால்கூடப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்கி வைப்பான். அதை நாங்கள் ராஜநடை என்று நினைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஓட விட்டுக் காட்டுவோம்.

கதிரின் அப்பாவுக்கோ எக்ஸ்ரே விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு நாய்களையும் ஒரே வேனில் மதுரைக்கு, ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். மயக்க ஊசி போட வேண்டும், நாய் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்றார்கள். மேஜர் சாப்பிடாததால் அப்பாவும் சாப்பிடவில்லை. திருமங்கலம் தாண்டுவதற்குள் அப்பாவுக்குத்தான் மயக்கம் வரும் போல இருந்தது.

"எந்த நாட்டு முறையில பாக்கணும்?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லா நாடும் போட்டிருங்க டாக்டர்" என்றேன் நான், ஓட்டலில் எல்லாச் சாதத்திலும் ஒரு பிளேட் சொல்கிற மாதிரி.

பிரிட்டிஷ் முறை போதும் என்று அவர் சிரித்தார். நாலு நாள் கழித்து இரண்டு ரிசல்ட்டும் என் போனுக்கு வந்தன. மேஜர் எழுபத்தி நாலு, மல்லிகா பதினொன்று. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூடவே டாக்டர், 'மேஜர் விஷயமாகப் பேச வேண்டும், உடனே கூப்பிடவும்' என்று ஒரு மெசேஜ் வேறு போட்டிருந்தார். பாவம், வாழ்த்துச் சொல்லத் துடிக்கிறார், சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேஜருக்குச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, நான், அப்பா, மேஜர் மூன்று பேரும் கதிர் வீட்டுக்குப் போய் இறங்கினோம். கதிரின் அம்மா கேசரி கொண்டுவந்து வைத்தார். கதிர் மூலையில் நின்று 'அளவாப் பேசு' என்று கண்ணாலேயே கெஞ்சினான். நான் எழுந்து நின்றேன்.

"அமெரிக்காவுல வார்த்தையில சொல்லுவாங்க. எக்ஸலண்ட், குட், ஃபேர்னு போயி சிவியர்ல முடியும். ஐரோப்பாவுல ஏ, பி, சி, டி, ஈ. 'ஏ'ன்னா நல்ல இடுப்பு, 'ஈ'ன்னா மோசம். பிரிட்டன்லதான் துல்லியம். ஒரு பக்கத்துக்கு அம்பத்தி மூணு, ரெண்டு பக்கமும் சேத்து நூத்தி ஆறு மார்க்."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஏறிவிட்டது.

"நம்ம மேஜர் எழுபத்தி நாலு! ஃபர்ஸ்ட் கிளாஸ். அமெரிக்காவா இருந்தா குட், ஐரோப்பான்னா பி. மல்லிகா..." என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன், ஆஸ்பத்திரி வராண்டாவில் பேசுகிற மாதிரி. "மல்லிகா பதினொண்ணுதான். அமெரிக்காவுல சிவியர், ஐரோப்பாவுல ஈ."

கதிரின் அப்பா முகம் சுருங்கிப்போனது. அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அந்த நேரம் பார்த்துப் பெருந்தன்மை வந்து தொலைத்தது.

"வருத்தப்படாதீங்க. மார்க்கா முக்கியம், குணந்தான முக்கியம்? இந்த நெலமையிலயும் மல்லிகாவ எங்க மேஜருக்குக் கட்டிக்கிட எங்களுக்கு முழுச் சம்மதம்."

அப்பா வேறு பெரிய மனுசத்தனமாகத் தலையை ஆட்டினார்.

"எம் மல்லிகா ஃபெயிலா?" கதிரின் அப்பா போனை எடுத்து, டாக்டரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். "என்ன டாக்டர், பதினொண்ணுதான் போட்டிருக்கீகளாம்?"

"ஆமா சார், பிரமாதமான இடுப்பு! அது குறைக்குப் போடுற மார்க்கு சார். எலும்புல எம்புட்டுக் கோளாறோ அம்புட்டு மார்க்கு. சைபர்தான் இருக்கறதுலயே ஒசத்தி." டாக்டர் மூச்சு விடாமல் தொடர்ந்தார். "அந்த ராஜபாளையத்து மேஜர் இருக்கான் பாருங்க, எழுபத்தி நாலு. தயவுசெஞ்சு எதோடயும் சேத்து வச்சிராதீக. முயல் மாதிரி குதிச்சிக் குதிச்சி வரும்போதே எனக்குச் சந்தேகந்தான். அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் போட்டேன், கூப்பிடவே இல்ல."

மேஜர் என் பங்குக் கேசரியைத் தின்றுகொண்டிருந்தான். கதிர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கதிரின் அப்பா என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்ப, இந்த நெலமையிலயும் கட்டிக்கிடுறேன்னு யாரு யாருட்டம்மா சொல்லணும்?"

அப்பா மேஜரின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். ராஜநடை என்று ஊருக்கெல்லாம் காட்டியது வலியில் குதித்த குதி என்று அவருக்கு உறைத்துவிட்டது. கண் கலங்கியிருந்தது. "வாரேன் அண்ணாச்சி. இனிமே ஒங்க வாசப்படி மிதிக்க எனக்கு மூஞ்சி இல்ல" என்று செருப்பைத் தேடினார். அப்பா செருப்பைப் போட்டால் என் கதை முடிந்தது.

"மல்லிகாவுக்கு மேஜர் வேண்டாம்னா போகட்டும். எனக்குக் கதிர் வேணும்!" என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

அப்பா ஒற்றைச் செருப்போடு நின்றார். கதிர் அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். (வீரன்!) கதிரின் அம்மா மட்டும், "இது எனக்கு எப்பவோ தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நாயிக்கு நாலு தேசத்து விசாரணை. எம் மவனுக்கு ஒரு விசாரணையும் இல்லையா?" என்றார் கதிரின் அப்பா. அப்புறம் வாசலுக்குப் போய் அப்பா பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, மேஜரின் முதுகைத் தடவிக்கொடுத்தார். ரொம்ப நேரம் தடவினார்.

"சார், தப்பா நெனைக்கப்படாது. மேஜருக்கு நான் பொண்ணு குடுக்க முடியாது. ஆனா ஒங்க வீட்டுல பொண்ணு எடுக்க எனக்கு ஆட்சேபம் இல்ல."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்காகவா மேஜருக்காகவா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் பிரிட்டிஷ் முறைதான். என் சாம்பாருக்கு மாமனார் "எழுபத்தி நாலு" என்பார், அத்தையின் ரசத்துக்கு "பதினொண்ணு" என்பார். விருந்தாளிகள் ஒன்றும் புரியாமல் முழிப்பார்கள். மேஜர் மாத்திரை சாப்பிட்டு, உடம்பைக் குறைத்து, கட்டைப் பிரம்மச்சாரியாக நன்றாகவே இருக்கிறான்.

போன கல்யாண நாளன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எனக்கு எத்தனை மார்க்?" என்று கதிரைக் கேட்டேன். "சைபர்" என்றான்.

பாயசத்தை அவன் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே இரண்டு குடும்பமும் விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு உறைப்பதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது.