டவர் சார் திருப்பி அனுப்பிய விமானம்

உலகத்திலேயே அதிக விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய மனிதர் போர்ட் பிளேரில் எங்கள் தெருவில்தான் இருந்தார். ஜன்னலோரம் பனியனும் கைலியுமாக உட்கார்ந்தே இறக்குவார். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கையெழுத்துப் போடத் தெரிந்ததை வைத்தே இந்தத் தீவில் பள்ளிக்கூடம் உட்படப் பதினோரு கட்டடம் எழுப்பியவன். எத்தனையோ இன்ஜினீயர்கள் என்னிடம் யோசனை கேட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் டவர் சார் என்று கூப்பிடும் அவரைப் போல ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

மின்சார ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். விமான நிலைய டவரில் இருப்பதுபோல இருந்துகொண்டு, வருகிற விமானங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் இறக்க வேண்டும். ஒவ்வொரு ஊர் விமான நிலையத்துக்கும் நாலெழுத்துக் குறியீடு, ஒவ்வொரு கம்பெனிக்கும் மூன்றெழுத்து. அந்தப் பட்டியலை வைத்துத்தான் விளையாட்டே ஓடும். அதில் போர்ட் பிளேர் இல்லை. "நம்ம ஊரு இல்லாம என்ன உலகம்" என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்து வி.ஓ.பி.பி. என்று சேர்த்தார். அத்தோடு விட்டாரா? விமானமே போகாத கட்சாலுக்கும் சௌல்தாரிக்கும் தானாகவே குறியீடு கொடுத்துவிட்டார். ஒருநாள் சௌல்தாரியில் ஒரு ஜம்போவை இறக்கினார். அங்கே எனக்கு அரை ஏக்கர் பாக்கு இருக்கிறது. மனசு கேட்காமல் மறுநாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டவர் சொன்னதை விமானி திருப்பிச் சொன்னால்தான் காதில் விழுந்ததாக அர்த்தமாம். அந்தச் சட்டத்தைத் தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டார். டீக்கடை வங்காளியிடம் இரண்டு டீ, சீனி குறைவாக என்று இந்தியில் "தோ சாய், சீனி கம்" என்பார். அவனும் "தோ சாய், சீனி கம்" என்று சொல்லும்வரை நகரமாட்டார்.

இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. சென்னையில் இருக்கும் மகனைப் பார்க்கக் கப்பலில்தான் போவார், மூன்று நாளும் வாந்தி எடுத்துக்கொண்டு. ஏன் சார் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"நான் மேல ஏறிட்டா கீழ யாரு பார்க்கிறது, கான்ட்ராக்டரே?"

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரி செண்பகத்துக்குச் சென்னையில் இருதய வால்வு மாற்றினார்கள். அவள் தம்பி கூட இருந்தான். அவள் திரும்பி வருகிற அன்று காலையிலிருந்து எதிர்வீடு தெரியாத மழை. இருப்புக்கொள்ளாமல் டவர் சார் வீட்டுக்குப் போனேன். அன்றன்று நிஜமாக வருகிற விமானங்களைத்தான் அவர் அதே எண்ணோடு, அதே நேரத்துக்குத் திரையில் இறக்குவார். செண்பகம் வரும் விமானத்தின் எழுத்தையும் எண்ணையும் முதல் நாளே என் உள்ளங்கையில் எழுதிக் கொடுத்திருந்தார். கையைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். அதே விமானம். போர்ட் பிளேர் மேல் இரண்டு சுற்றுச் சுற்றியது, திரும்பியது, திரையின் ஓரத்துக்குப் போய்க் காணாமல் போனது.

"சார், எங்க சார் அது?"

"இந்த மழையில இறக்கக் கூடாது. திருப்பி அனுப்பிட்டேன்."

விளையாட்டுதான் என்று தெரியும். தெரிந்தும், வீட்டுக்கு வருகிற பொம்பளையைத் திருப்பி அனுப்ப நீ யாருய்யா என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தார்.

"செண்பகம் சென்னையில பத்திரமா இறங்குவாங்க. திருப்பிச் சொல்லுங்க."

நான் வாசலுக்குத் திரும்பினேன். அவர் விடவில்லை.

"செண்பகம் சென்னையில... பத்திரமா இறங்குவா."

"சரியாக் கேக்கல. இன்னொரு தடவை."

இரண்டு மணி நேரத்தில் எத்தனை தடவை சொல்ல வைத்தாரோ. கடைசியில் என் போன் அடித்தது.

"ஏங்க, நம்ம ஊரு மேல வந்து சுத்திட்டு, மழைன்னு திரும்பவும் சென்னைக்கே கொண்டாந்து இறக்கிட்டான். நாளைக்கு வரேன். சாப்பிட்டீங்களா?"

நெஞ்சைப் பிளந்து தைத்திருக்கிறது, விசாரிப்பது என் சாப்பாட்டை. பதினோரு கட்டடத்துக்குத் தளம் போட்டபோது உட்காராத நான் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டவர் சார் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த விமானத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் வெயில். செண்பகம் இறங்கினாள். விமானத்தைத் திருப்பியது மழையென்று ஏர்போர்ட்டில் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவளை அழைத்துக்கொண்டு டவர் சார் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். கம்பெனிப் பட்டியலின் அடியில் புதிதாக மூன்றெழுத்துச் சேர்த்திருந்தார். விமானிகள் ரேடியோவில் கூப்பிடும் பெயருக்கான இடத்தில் 'செண்பகம்' என்று இருந்தது.

"எவ்வளவு நெரிசலா இருந்தாலும் இனிமே இவங்கதான் முதல்ல இறங்குவாங்க" என்றார்.

போன வருஷம் மகன் வந்து அவரைச் சென்னைக்கே கூட்டிப் போய்விட்டான். அதற்கும் கப்பல்தான். நேற்று நல்ல மழை. மேலே ஒரு விமானம் வட்டமடிக்கும் சத்தம் கேட்டது. பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்து, "பத்திரமா இறக்குங்க சார்" என்றேன்.

அடுப்படியிலிருந்து செண்பகம் அதைத் திருப்பிச் சொன்னாள்.