மாட்டு ரத்தம் சொன்ன பொய்

நெப்ராஸ்கா, மணற்குன்றுப் பண்ணை
பிப்ரவரி 9

மதிப்புக்குரிய மாப்பிள்ளை லோவெல் அவர்களுக்கு மாமனார் எமில் ருஷ்கா எழுதுவது. நானும் உங்கள் அத்தை மில்ட்ரெடும் நலம். மாடுகள் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

கோபித்துக்கொள்ளக் கூடாது. நாற்பது வருஷமாகப் பனிக்காலத்தில் புல் காய்ந்ததும் மாடுகளுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு போட்டு வருகிறேன். எந்த மாடும் என்னிடம் ரத்தப் பரிசோதனை கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்த நீங்கள்தான், "மாமா, காஞ்ச புல்லுல புரதம் பத்துதா பத்தலையான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தத்துல தெரிஞ்சிடும்" என்றீர்கள். பல்கலைக்கழகத்தில் மாட்டுத் தீவனம் படித்தவர் ஆயிற்றே என்று தலையாட்டித் தொலைத்தேன். ஜனவரியில் நீங்கள் அனுப்பிய கால்நடை டாக்டரம்மா வந்து, பன்னிரண்டு பசுக்களின் வாலைத் தூக்கி அடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். ஒரு குத்து வாலைப் பிடித்த என் கையிலும் விழுந்தது, அது போகட்டும். காகிதம் வந்தது: புரதம் தாராளம், புண்ணாக்கே தேவையில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் பண்ணை க்ளீட்டஸிடம், "என் புல்லு அப்பேர்ப்பட்ட புல்லுய்யா!" என்று பீற்றிக்கொண்டு அன்றே மந்தை முழுவதற்கும் புண்ணாக்கை நிறுத்தினேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் விலா எலும்பை எண்ணலாம். அத்தனையும் மார்ச்சில் கன்று போட வேண்டிய சினைப்பசுக்கள், மாப்பிள்ளை! தெம்பில்லாமல் கன்றை எப்படி ஈனும்? பால் எங்கிருந்து சுரக்கும்? க்ளீட்டஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன எமில், அப்பேர்ப்பட்ட புல்லைத் தின்னுட்டு மாடெல்லாம் வேலிக் கம்பியா ஆயிட்டுதே?" என்கிறான். உங்கள் பரிசோதனையும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், ஆளை விடுங்கள்.

மகள் ஜேனெல்லுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள். ஈஸ்டருக்கு வாருங்கள், அத்தை பழம் வைத்த கொலாச்சி ரொட்டி சுடுவாள். ஆனால் நீங்கள் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் தட்டு வைக்கப்படும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்
எமில் ருஷ்கா

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். டாக்டரம்மா வந்த அன்னிக்கு விடியக்காலமே எழுந்து போய், "வெளியாளு பார்க்கறப்ப என் மாடு பட்டினி கிடந்த மாதிரி இருக்கக் கூடாது"ன்னு, ஊசிக்குன்னு புண்ணாக்கு இல்லாம வெறும் புல்லுல ஒதுக்கி வெச்ச பன்னெண்டு பசுவுக்கும் மூட்டை மூட்டையா புண்ணாக்கைக் கொட்டினது இந்த மனுஷன்தான். அது ரத்தத்துல தெரியாம வேற எங்க தெரியும்? காகிதம் வந்தப்பவே சொன்னேன், "என் புல்லு"ன்னு ஆடிக்கிட்டிருந்தவரு காதுல ஏறல. நேத்து நானே வண்டியெடுத்துப் போய் மந்தைக்குப் புண்ணாக்கு போட்டுட்டேன், கவலைப்படாதீங்க. டாக்டரம்மாவை இன்னொரு தடவை அனுப்பி வைங்க. என்னிக்கு வர்றாங்கன்னு மட்டும் உங்க மாமாகிட்ட மூச்சு விடாதீங்க.