நெட்டுக்குப்பத்து மாளிகை

வரலாற்று ஆர்வலர் என்றொரு இனம் உண்டு. குப்பைமேட்டைத் தாண்டும்போது நாமெல்லாம் மூக்கைப் பொத்துவோம். அவர் செருப்பைக் கழற்றுவார்.

திருவொற்றியூர் தண்டபாணி அந்த இனத்தில் அசல். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். நெட்டுக்குப்பத்தில் ஒரு மண்மேட்டையும் அதைச் சுற்றி ஒரு பள்ளத்தையும் பார்த்தார். போதாதா? ஒரே வாரத்தில் மேடு சோழர் காலத்துச் சிற்றரசன் மாளிகையாயிற்று, பள்ளம் அகழியாயிற்று, எருமை படுத்த குழி அந்தப்புரத்துக் குளமாயிற்று. சிற்றரசனுக்குப் பெயர்தான் அகப்படவில்லை. அதற்கென்ன, வாட்ஸ்அப் குழு இருக்கிறதே.

அந்த மேட்டில்தான் புஷ்பவல்லி வருஷக்கணக்காகக் கருவாடு காயப்போட்டு வந்தாள்.

"நைனா, அந்தப் பள்ளம் எங்க மாமனார் வெட்னது. மழைல மேட்டுத் தண்ணி வூட்டுக்குள்ள வந்துகினு இருந்துச்சு" என்றாள்.

"அவர் வெட்டலம்மா. தூர் வாரினாரு. அகழி ஏற்கெனவே இருந்தது" என்றார் தண்டபாணி, பாமரரை மன்னிக்கும் புன்னகையோடு. "மாளிகை மேல கருவாடு போடலாமா?"

"ஏன், உங்க ராஜா கவுச்சி துன்ன மாட்டாரா?"

தண்டபாணி மனு எழுதினார். மனுமேல் மனு எழுதினார். கடைசியில் ஓர் அதிகாரி வந்து, அளந்து, ஓட்டுச்சில்லு ஒன்றைப் பொறுக்கிப் பார்த்து, "மேடு பழசுதான். பள்ளம் நேத்து வெட்டினது" என்றார். மறுமாதமே இரண்டையும் சுற்றிக் கம்பிவேலி. அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.

கருவாடு சாலையோரத்துக்கு இறங்கியது. நிலக்கரி லாரிகள் போகிற சாலை. கரி படிந்த வஞ்சிரத்தை யார் வாங்குவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டபாணி, குழுவினர் பன்னிரண்டு பேரைப் பெருமையாக அழைத்து வந்தார். காவலாளி மறித்தான்.

"இதைக் கண்டுபிடிச்சதே நான்தான்பா."

"ஆருனா இன்னா சார். உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டர் கீது."

பன்னிரண்டு பேருக்கு முன்னால் தண்டபாணிக்கு முகம் சிறுத்துப்போயிற்று. திரும்பினார். எதிரே புஷ்பவல்லி, மீனிலிருந்து கரியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது, தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள் காலடியில் கிடந்த கருங்கல் கண்ணில் பட்டுவிட்டது. குனிந்து, தலையைச் சாய்த்து, உற்றுப் பார்த்தார்.

புஷ்பவல்லி கருவாட்டை அவசர அவசரமாக அள்ளத் தொடங்கினாள்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் கைப்பேசியிலும் பழைய கல் ஒன்றின் படம் இருக்குமே, அதன்மேல் யாருடைய துணி காய்ந்துகொண்டிருந்தது? படத்துக்கு இடைஞ்சல் என்று அதை எடுக்கச் சொன்னவர் யார்?