சீமெந்தில் நான் கட்டின பலஸ்தீன் ஊர்

எங்கள் கடற்கரை மணலுக்கு மேல் சாயாமல் நிற்கிற பள்ளிவாசல் மினாரா நான் கட்டினது. மணலில் அத்திவாரம் நிற்காது என்று படித்தவர்கள் சொன்னார்கள். நிற்கிறது, போய்ப் பாருங்கள். மருதமுனையில் ஒரு நெசவுச்சாலை. இறக்காமத்தில் யானை முட்டியும் விழாத நெல் ஆலைச் சுவர். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இவ்வளவும் கட்டின கையால் பலஸ்தீனில் உள்ள ஒரு முழு ஊரையும் கட்டினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாசியுங்கள்.

அந்த ஊரைத் தலைக்குள் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர் பலஸ்தீன் காக்கா. அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம். இப்படி ஒரு மனிசன் இந்தக் கரையில் முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போனார். போனவனெல்லாம் கசட் ரேடியோவோடு வந்து இறங்க, இவர் ஒரு ஊரின் வரலாற்றோடு வந்து இறங்கினார். அங்கே ஸ்டோர் காவலுக்கு இருந்த பலஸ்தீன் கிழவர் சாப்பிடக் குந்தும்போதெல்லாம் சொன்ன கதை. கேட்க வேறு ஆள் இல்லையாம்.

ஊர்ப் பெயரைத் தொண்டைக்கு அடியிலிருந்து சொல்லுவார். எங்களுக்கு வாயில் வராது, அத்திமரத்தூர் என்றோம். நடுவில் அத்திமரம், ஒரு கிணறு, எண்ணெய் ஆட்டுகிற கல், ஓர் அறைப் பள்ளிக்கூடம். எந்த வீடு யார் கட்டினது, யாருக்கு யார் மாப்பிள்ளை, எல்லாம் சொல்லுவார். கடைசியில், துவக்கோடு வந்தவர்கள் ஊரைத் துரத்தின நாளில் கோதுமை முற்றி அறுவடைக்கு நின்றது என்பார். அதோடு தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் வயல்காரர்.

"வெட்டாமலா போனாங்க காக்கா?"

"வெட்ட உடல்ல."

சொல்வதோடு நிற்கமாட்டார். விடிந்ததும் முற்றத்து மணலில் ஈர்க்கால் ஊரைக் கீறுவார். கோழி வந்து கிளறும். "பள்ளிக்கூடத்தக் கிண்டிட்டு" என்று தெருவால் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுவார். பார்க்கப் பொறுக்காமல் ஆலை வேலையில் மிஞ்சின சீமெந்தைக் கொண்டுபோய்த் தளம் போட்டேன். நெருப்புப்பெட்டி அளவில் வீடுகள் வார்த்தேன். கிணற்றுக்குக் குழாய்த்துண்டு. அவர் சொல்லச் சொல்ல, பாதைகளைக் கரண்டி நுனியால் கோடு போட்டேன்.

கிணற்றடி வீட்டில்தான் பிணக்கு. அது கிழவர் பிறந்த வீடு. அவருடைய வாப்பா மௌத்தாகி அடக்கினபிறகு, அது மகனுக்குப் போனது என்றார் காக்கா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆம்பிளை கலியாணம் கட்டின இடத்தில் போய் இருப்பான். காக்காவே பெண்சாதி பாத்தும்மா ராத்தாவின் வீட்டில்தான் இருந்தார்.

"அந்த மனிசனுக்குப் பொம்புளப்புள்ள இல்லயா?" என்றார் ராத்தா.

"இரிந்திச்சி."

"மறுகா எப்பிடி ஊடு மகனுக்குப் போகும்? நீங்க பிழையாக் கேட்டுட்டு வந்திரிக்கீங்க."

"அங்கத்த வழமை அது கா."

"இரிக்கிறது என்ட ஊட்டுல. கதைக்கிறது மகனுக்காம்."

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை ஆமிச் சுற்றிவளைப்பு வந்தது. முற்றத்துக்குள் நுழைந்த பெரிய அதிகாரியின் கண்ணில் சீமெந்து ஊர் பட்டது. பாதை, கிணறு, பள்ளிக்கூடம். எங்கேயோ தாக்குவதற்குப் போட்ட வரைபடம் என்று முடிவுகட்டினார். காக்காவின் கையைப் பின்னால் கட்டினார்கள். வெளியே ட்ரக் நின்றது. அந்த நாட்களில் ட்ரக்கில் ஏறினவர் எல்லாரும் திரும்பி வரவில்லை.

தெருவில் நிறுத்தியிருந்த எங்களிடம், சிங்களம் தெரிந்தவன் யார் என்று கேட்டார்கள். வேலைத்தளத்தில் பொறுக்கின சிங்களத்தோடு நான் முன்னால் போனேன். வேறு எவன் போனான், சொல்லட்டும்.

அதிகாரி சப்பாத்தோடு ஊருக்கு மேல் ஏறி நின்றார். காக்கா என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவரு பள்ளிக்கூடத்துக்கு மேல நிக்காரு. எறங்கச் சொல்லு."

"வாயப் பொத்துங்க காக்கா."

"சொல்லு நீ."

"சேர், சீமெந்து காயவில்லை, சப்பாத்து பழுதாகும்" என்று சிங்களத்தில் சொன்னேன். காய்ந்து வருடங்கள். மனிசன் இறங்கிவிட்டார்.

கையிலிருந்த கோலால் ஒவ்வொரு வீடாகத் தொட்டுக் கேட்டார், காக்கா சொன்னார், நான் சிங்களத்தில் சொன்னேன். பிறகு காக்காவை வேலிக்கு வெளியே தள்ளிவிட்டு ராத்தாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே கதை சொன்னால் விடுவேன், மாறினால் ட்ரக் என்றார். ராத்தா அத்திமரம் சரியாகச் சொன்னார். எண்ணெய்க் கல், பள்ளிக்கூடம், எல்லாம் சரி. கோல் கிணற்றடி வீட்டில் வந்து நின்றது.

"அது மகள்ட ஊடு."

நான் சிங்களத்தில் மகன் என்று மாற்றிச் சொல்ல வாய் திறக்க முன் அதிகாரி கையை உயர்த்தினார். மகன், மகள் என்கிற அளவுக்கு அவருக்குத் தமிழ் தெரியும். துவக்கு ராத்தாவின் பக்கம் திரும்பியது.

வேலிக்கு வெளியிலிருந்து காக்காவின் குரல் வந்தது. "மகன்ட ஊடு கா. எத்தின தரம் சொல்லுற."

"கையக் கட்டியும் இவர்ட வாய் அடங்கல்ல. பெத்த மகளத் தெருவுல உட்டவன்ட கதைய இவரு நம்பிட்டு வந்திரிக்காரு."

"என்ன சண்டை?" என்றார் அதிகாரி.

"வீடு மகனுக்கா மகளுக்கா என்று, சேர்."

"எந்த வீடு?"

"இந்தச் சீமெந்து வீடு. இது பலஸ்தீனில் இருந்த ஊர்."

"அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?"

"ஒருவரும் இல்லை. எல்லாரையும் துரத்தியாகிவிட்டது. விளைந்ததை வெட்டவும் விடவில்லை."

அவர் கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். காக்காவின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். போகும்போது வீடுகளை மிதிக்காமல், நான் கோடு போட்ட பாதையால் நடந்து போனார்.

காக்கா மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வந்தார். "தம்பி, கொஞ்சம் சீமெந்து குழை." அத்திமரத்துக்குப் பக்கத்து வெறும் வளவில் ஒரு வீடு வார்க்கச் சொன்னார்.

"இது ஆருக்கு காக்கா?"

"ஒனக்கு. எங்கட ஊருல ஒனக்கும் ஒரு ஊடு வேணுமே."

குசினிக்குள்ளிருந்து ராத்தா சொன்னார்: "மகளுக்குக் குடு தம்பி."

காக்கா மௌத்தாகிவிட்டார். பார்க்க வருகிற படித்த பிள்ளைகள் அதைப் பலஸ்தீன் காக்கா கட்டின ஊர் என்று எழுதுகிறார்கள். திருத்தி எழுதுங்கள். அவர் சொன்னார், கட்டினது நான். சீமெந்தும் என்னுடையது, அன்றைக்குப் பேசின சிங்களமும் என்னுடையது. மினாராவில் என் பெயர் இல்லாவிட்டால் போகட்டும். இந்த ஊரில் போடத்தான் வேண்டும். மேசன் என்றும் வேண்டாம், கொந்தராத்துக்காரன் என்றும் வேண்டாம். அத்திமரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்று போடுங்கள். வீடு தந்தது காக்கா என்றும் போடுங்கள்.