பெயின்ட் டின்னில் தொடங்கிய ரயில்பாதை

அன்சாகுரோம்,
புதன்கிழமை.

மதிப்புக்குரிய அசென்சோ மாமாவுக்கு,

நீங்கள் நேரில் வந்திருந்தால் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்று, அதன் பிறகே வந்த செய்தி என்னவென்று கேட்டிருப்பேன். கடிதத்தில் தண்ணீர் தர வழியில்லை. ஆகவே நீங்களே எழுந்துபோய் ஒரு குவளை குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். முழுக் குவளை. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம். இங்கே எல்லாம் அமைதி. இது முறைக்காகச் சொன்னது. கீழே வருவதுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய குரல்செய்தியைப் பல தடவை கேட்டேன். நான்கு நிமிடம், அதில் மூன்று நிமிடம் பெருமூச்சு. மீதி ஒரு நிமிடத்தில், “யா, டிவியில உன்னப் பார்த்தோம். மந்திரி பக்கத்துல நிக்கிற, சந்தோஷம். ஆனா அந்த மனுஷன் வெள்ளி மண்வெட்டியால என்னோட மொளகாச் செடிய ஏன் கொத்துறாரு?” என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அது உங்கள் செடிதான். அது உங்கள் நீல பெயின்ட் டின்தான். “அந்தக் கடலோரத்துல மொளகாய்க்குக் காரமே கிடையாது” என்று சொல்லி, எட்டு மாதத்துக்கு முன் குமாசி பேருந்து நிலையத்தில் என் மடியில் வைத்தீர்களே, அதே டின். தொலைபேசியில் விளக்க எனக்குத் தைரியமில்லை. எழுத்தில் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. பொறுமையாகப் படியுங்கள், தவறு முழுக்க என்னுடையது, அதை யாருடனும் பங்குபோட எனக்கு மனமில்லை.

எங்கள் அலுவலகத்தில் என் வேலை ரயில்பாதைக் கடன் ஒப்பந்தத்தின் வாசகங்களைச் சரிபார்ப்பது. ரயில்பாதை எண்பத்துநான்கு கிலோமீட்டர்; ஒப்பந்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முழுவதையும் இரண்டு தடவை படித்தவள் நான் ஒருத்திதான் என்று எங்கள் இயக்குநர் லாம்ப்டே ஐயா கூட்டங்களில் சொல்வார். பாராட்டா பரிதாபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கியின் பிரதிநிதி பார்க்க, பாதை போகும் இடத்தில், கையால் பிடிக்கும் கருவி கொண்டு, குறித்த தேதி மாலை ஐந்து மணிக்குள் முதல் மண்ணை வெட்ட வேண்டும். தவறினால் கடன் ரத்து. வங்கி குறித்திருந்த தேதி வியாழக்கிழமை. வியாழக்கிழமை பிறந்து யா என்று பெயர் வாங்கிய நான், என்னைப்போலவே வியாழக்கிழமைக்காரியான பூமித்தாய் அசாசே யாவின் ஓய்வுநாளில் மண்வெட்டியைத் தூக்க விடுவேனா? நீங்கள் வியாழக்கிழமைகளில் தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காததைப் பார்த்து வளர்ந்தவள் இல்லையா? உடனே வங்கிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அடிக்குறிப்புகள் மட்டும் பதினொன்று. மண்ணின் ஓய்வுநாள் பற்றி நூலகத்தில் கிடைத்த எல்லாவற்றையும் படித்துத்தான் எழுதினேன். எல்லாம் நம் அசாந்தி ஊர்களைப் பற்றியவை என்பதை மட்டும் கவனிக்கவில்லை. மூன்று மாதம், ஆறு கையெழுத்து. கடைசியில் வங்கி ஒரு நாள் தள்ளிக் கொடுத்தது: வெள்ளிக்கிழமை, இதுவே இறுதி, இனி ஒரு மணிநேரம்கூடக் கிடையாது. லாம்ப்டே ஐயா எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். அன்று எனக்காக நானே ஒரு தட்டு கெலேவெலே வாங்கிச் சாப்பிட்டேன். வாழைப்பழத்தை அவ்வளவு ருசியாக யாரும் பொரித்ததில்லை என்று தோன்றியது.

போன வெள்ளிக்கிழமை காலை. அன்சாகுரோம் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளி மண்வெட்டி வெல்வெட் மெத்தையில் படுத்திருந்தது. என் வீட்டுக்கார அம்மா அரபா ஆன்ட்டி ஐம்பது பேருக்குச் சோளமாவுக் கெங்கேயும் மீனும் கொண்டுவந்து இறக்கினார். கருவாட்டு வியாபாரி அவர். இங்கிருந்து குமாசிக்கு வேனில் போகும் கருவாடு அங்கே இறங்கும்போது பாதி தூளாகிவிடுகிறதாம். ரயில் வந்தால் மீன் மீனாகவே போய்ச் சேரும் என்று எட்டு மாதமாக என்னிடம் நாள் கேட்டுக்கொண்டிருந்தவர். “இன்னைக்குத்தானே கண்ணு? நிச்சயம்தானே?” என்று கேட்டார். “நான் வைத்த நாள் ஆன்ட்டி” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு நாற்காலி எண்ண வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

பத்து மணிக்கு ஊர்த்தலைவர் குடையின் கீழ் வந்து அமர்ந்தார். அவர் சபையில் வாய் திறக்கமாட்டார்; அவருக்காகப் பேசுபவர் எபோ குவான்சா என்ற பெரியவர், கையில் தங்கப்பூண் போட்ட கோல். குவான்சா மெத்தையில் கிடந்த மண்வெட்டியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார்.

“மை டியர் பீப்பிள், இந்த மண்வெட்டி எதுக்கு? டெகரேஷனா?”

“முதல் மண் வெட்ட, ஐயா. மந்திரி ரெண்டு மணிக்கு வர்றார்” என்றார் லாம்ப்டே.

“எந்த மண்ண?”

“இந்த மண்ணத்தான்.”

“இன்னைக்கா?”

பின்னால் மூத்தவர்கள் வரிசையில் யாரோ சிரித்தார். குவான்சா கோலைத் தரையில் ஊன்றினார். “எங்க பூமித்தாய் பேரு அசாசே எஃபுவா. வெள்ளிக்கிழமைக்காரி. இன்னைக்கு அவ படுத்திருக்கா. எங்க ஃபான்டி ஊர்ல வெள்ளிக்கிழமை ஒருத்தன் ஒரு கிழங்கு தோண்டமாட்டான். நீங்க ரயிலு தோண்ட வந்திருக்கீங்க. யாரு வச்ச நாளு இது?”

லாம்ப்டே ஐயா என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் மற்ற எல்லாரும் அவர் யாரைப் பார்க்காமல் இருக்கிறார் என்று பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் மாதிரி.

“நீ எந்த ஊரும்மா?”

“குமாசி, ஐயா.”

“அதானே பார்த்தேன். குமாசிக்காரங்க தங்கத்தத் தோண்டுவாங்க, தகவலத் தோண்டமாட்டாங்க.”

ஊரே சிரித்தது, மாமா. வாத்தியக்காரர்களில் ஒருவன் ஒரு சின்ன ஊது ஊதினான். எட்டு மாதம் இங்கே குடியிருந்திருக்கிறேன். என் அறைக்கு எதிரே குடியிருக்கும் அரபா ஆன்ட்டி வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு வாரமும் பார்த்திருக்கிறேன். அவருக்கு முட்டிவலி என்று நினைத்து, தைலம் வாங்கிக்கூடக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் புத்தகம் நின்றுபோகும் என்று கதவைச் சாத்திக்கொண்டு மண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நடந்தது பேரம். லாம்ப்டே ஐயா ஒரு ஆடும் இரண்டு ஜின் பாட்டிலும் தருவதாகச் சொன்னார். “ஆடு குடுத்தா முழிச்சுக்குவாளா? தூங்குறவள ஆட்டக் காட்டி எழுப்புவீங்களா?” என்றார் குவான்சா. நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று வங்கியிலிருந்து வந்த ஹென்ரிக்கிடம் கெஞ்சினோம். நல்ல மனிதர், வெயிலில் சிவந்து போயிருந்தார். “போன தடவை உங்கள் கடிதத்துக்காக எங்கள் இயக்குநர்கள் கூட்டத்தையே கூட்டினோம், அம்மா. அந்த அடிக்குறிப்புகளை உரக்கப் படித்தார்கள்” என்றார். அவர் கண்ணில் கொஞ்சம் நீர் இருந்தது, வியர்வையாகவும் இருக்கலாம். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கடலுக்கு ஓய்வுநாள் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கடற்கரை விழித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு வண்டி கடல்மணல் கொண்டுவந்து மைதானத்தில் கொட்டி அதை வெட்டலாமே? குவான்சா யோசித்து, “மணலுக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்ல” என்றார். ஹென்ரிக் ஒப்பந்தத்தைப் புரட்டினார். பின்னிணைப்பு ஏழில் மண் என்பதற்கு விளக்கம் இருக்கிறது: செடி வேரூன்றி வளரக்கூடியது மட்டுமே மண், மணல் மண்ணாகாது. ஒப்பந்தக்காரர்கள் மணலைக் கொட்டி ஏமாற்றாமலிருக்கப் போன வருடம் யாரோ மிகவும் புத்திசாலித்தனமாகச் சேர்த்த வரி. யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. லாம்ப்டே ஐயா இப்போது என்னை நேராகவே பார்த்தார்.

இரண்டு மணிக்கு மந்திரி வந்தார். மூன்று மணிவரை பேசினார், எதை வெட்டப் போகிறோம் என்று தெரியாமலே. மூன்றரைக்கு நான் பந்தலுக்குப் பின்னால் கெங்கே அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். அதிலும் ஓர் அடிக்குறிப்பு வந்துவிட்டது. அரபா ஆன்ட்டி என் கையிலிருந்து தாளைப் பிடுங்கி அதில் ஒரு மீனைச் சுற்றினார். பிறகு இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராகத் தலைவர் முன்னால் போய் நின்றார்.

“இந்தப் பொண்ணு ரூம் வாசல்ல ஒரு டின்னு மண்ணு இருக்கு. குமாசி மண்ணு. அதுல மொளகாச் செடி நிக்குது. தினம் காலையில அதுகிட்ட நின்னு பேசுவா. எங்க யார்கிட்டயும் பேசமாட்டா, அதுகிட்ட மட்டும்தான்.”

இது தொலைக்காட்சிக்காரர்கள் இருக்கும்போது சொல்லப்பட்டது, மாமா. சிறு வயதிலிருந்து நான் கட்டிக்காத்த அந்தரங்கம் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. ஆனால் குவான்சாவின் முகம் மாறியது. “அந்த மண்ணுக்கு என்னைக்கு ஓய்வு?” என்று என்னைக் கேட்டார்.

“வியாழக்கிழமை, ஐயா.”

“அப்ப நேத்து தூங்கியாச்சு. இன்னைக்குச் சும்மாதானே உக்காந்திருக்கு? வேலை செய்யட்டும்!”

ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் போயிற்று, நிற்கவில்லை. அந்த டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து மந்திரி பக்கத்தில் நின்றபோதுதான் நீங்கள் என்னை டிவியில் பார்த்திருக்கிறீர்கள். நான்கு நாற்பதுக்கு டின்னை மைதானத்தின் நடுவில், பாதை போகவிருக்கும் சுண்ணாம்புக் கோட்டின்மேல் வைத்தோம். குவான்சா ஜின்னைப் படையலாகத் தரையில் சொட்டுச் சொட்டாக ஊற்றி, அசாசே எஃபுவாவைத் தூங்கச் சொல்லி, விருந்தாளி மண்ணை மட்டும் எழுப்பினார். ஹென்ரிக் குனிந்து செடியைத் தொட்டுப் பார்த்தார். “வேரூன்றியிருக்கிறது. இது மண்தான்” என்று அறிவித்தார். மந்திரி, “இவ்வளவு சின்ன டின்னா?” என்று முணுமுணுத்துக்கொண்டே வெள்ளி மண்வெட்டியைச் சொருகினார். ஒரு பிடி மண் வந்தது. அதில் வெள்ளையாக ஏதோ மின்னியது. நீங்கள் உரத்துக்குப் போட்ட முட்டையோடு என்று நினைத்தேன். அரபா ஆன்ட்டி முதல் ஆளாகக் கைதட்டினார். ஹென்ரிக் கையெழுத்துப் போட்டபோது மணி நான்கு ஐம்பத்தொன்று.

ஆக, மாமா, கடன் பிழைத்தது, ரயில்பாதை பிழைத்தது, இந்த ஊர் மண் தூக்கம் கலையவில்லை, என் வேலையும் இருக்கிறது. செடிக்கு வலப்பக்கத்து வேர் போய்விட்டது. நான்கு காய் நிற்கிறது, இலை கொஞ்சம் தலைகுனிந்திருக்கிறது, என்னைப்போல. குவான்சா மறுநாளே ஆளனுப்பினார்: விருந்தாளி மண்ணை வரும் திங்கட்கிழமை மேளதாளத்தோடு அரண்மனைக்கு எடுத்துப் போய், மூத்தவர்கள் கையால் புதுத் தொட்டிக்கு மாற்றி, ரயில் ஓடும் நாள்வரை அங்கேயே வைத்திருக்கப் போகிறார்களாம். உங்கள் தோட்டத்து மண்ணுக்கு நாட்டில் வேறு யாருடைய மண்ணுக்கும் கிடைக்காத மரியாதை. இதைத் தெருவில் எல்லாரிடமும் நீங்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் காலடி வழுக்காமலும், அத்தையின் அடுப்பு அணையாமலும், உங்கள் மிளகாய்க்குக் காரம் குறையாமலும் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் குமாசி பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்; அவருக்கும் ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள்.

பணிவுடன்,
தங்கள் மருமகள்
யா செர்வா

பின்குறிப்பு: மேலே தெருவில் சொல்லலாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். உறையை ஒட்டுவதற்கு முன் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மின்னியது முட்டையோடு அல்ல, சிப்பி. கிளறிப் பார்த்தால் இன்னும் ஏழெட்டு. குமாசியில் எந்தக் காலத்தில் கடல் இருந்தது? அரபா ஆன்ட்டியைக் கேட்டேன். “ஜூன் மாசம் என் ஆடு அந்த டின்ன உருட்டிடுச்சு கண்ணு. உன் மண்ணு எல்லாம் சாக்கடையில போயிடுச்சு. நீ படிச்சுக்கிட்டிருந்த, தொந்தரவு பண்ண வேணாம்னு என் தோட்டத்து மண்ண அள்ளிப் போட்டேன்” என்றார். “அப்படியென்றால் வெள்ளிக்கிழமை வெட்டியது?” “எங்க மண்ணுதான். நான் எஃபுவாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், இது கருவாடு போற ரயிலு, கொஞ்சம் கண்ண மூடிக்கோன்னு.” திங்கட்கிழமை மூத்தவர்கள் தொட்டி மாற்றும்போது சிப்பியைப் பார்த்துவிடுவார்கள். ஆகவே ஒரு சாக்கு நிறைய உங்கள் தோட்டத்து மண்ணை அதே ஓட்டுநரிடம் உடனே கொடுத்தனுப்புங்கள். ஒன்றே ஒன்று: இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வியாழக்கிழமை வந்து சேரும். அவசரப்பட்டு அன்றைக்கே தோண்டிவிடாதீர்கள்.